அட்டவணையை முதலில் ஆற்றிடம் காட்டுங்கள்

ஐப்பசி, கார்த்திகை: திருச்சி, ஸ்ரீரங்கம் ஓட்டக் குழுக்களுக்கு

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில் வரும். அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணினால், டிசம்பர் நடுவில் 30, 32 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஞாயிறுதோறும் 22, 25, 28 என்று ஏற்றிக்கொண்டே வர வேண்டும். நம் ஓட்டம் நீளுகிற அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. டிரெட்மில்லில் 28 கிலோமீட்டர் ஓடுங்கள் என்று சொல்லும் கொடுமைக்கு நான் வரவில்லை. மண்பாதையிலேயே ஓடுங்கள். ஆனால் எந்தப் பாதை என்பதை இந்த இரண்டு மாதம் ஆறு சொல்லட்டும்.

சனிக்கிழமை மாலையே மேட்டூர் நீர்மட்டத்தையும் முக்கொம்பில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும் செய்தியில் பார்த்துவிடுங்கள். பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போக, மிச்ச வெள்ளமெல்லாம் கொள்ளிடத்துக்குத்தான் தள்ளப்படும். நேற்று வரை மணலாகக் கிடந்த ஆறு மறுநாள் காலை கரை தொட்டு ஓடும். மேட்டூரில் திறப்பு குறைவு என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள்: பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் அணைக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. கரூர்ப் பக்கம் ராத்திரி கொட்டிய மழை நமக்கும் வரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வாரம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் ஒரு பக்கம் சரிந்தது. வண்டிப் போக்குவரத்து நின்ற பிறகு, காலை நடைக்கு நம்மூர்க்காரர்கள் போய்க்கொண்டிருந்த பாலம் அது.

ஆகவே ஆற்று மணலில் இறங்கி ஓடும் ஆசையைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். கிழக்கே கல்லணைச் சாலையில் திருவளர்ச்சோலை, பனையபுரம் வரை தைரியமாகப் போகலாம். உத்தமர்சீலி தாண்டினால் தரைப்பாலம் இருக்கிறது. ஆறு நிறைந்தால் தண்ணீர் அதன்மேல் ஏறிவிடும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள், திரும்பிவிடுங்கள். 28 வேண்டுமானால் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே 7 கிலோமீட்டரை இரண்டு தடவை போய்வாருங்கள். மேற்கே மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தாண்டிய கரைப்பாதை மழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்ட பிறகுதான் ஓடத் தகும். அந்த வண்டல் மண் ஈரத்தில் ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு அடுக்கு ஏறி, கால் கிலோ பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலாகிவிடும். வாழை மட்டை ஒன்றை ஒடித்து வழித்துவிட்டால்தான் உண்டு. சென்ற ஆண்டு அப்படி வழித்துக்கொண்டு நின்றபோது, மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவர், “தம்பி, அங்கிட்டுப் போகாதீங்க, மடையைத் திறந்திருக்கு, கரை ஊறிக் கெடக்கு” என்றார். அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பினோம். அந்தக் கரையைப் பற்றி எங்கள் ஜிபிஎஸ் கடிகாரங்களுக்கு என்ன தெரியும்?

சூரியன் இப்போது ஆறு மணிக்கு மேல்தான் எழுகிறது. நாலரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டு. ஆளுக்கொரு ஹெட்லைட் கட்டாயம். குழுவில் பழகியவர் ஒருவர் கடைசியில் வர வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு முறை பின்னால் வந்தவரின் விளக்கு வாழைத்தோப்பு ஓரத்தில் அணைந்துபோனது. முன்னால் போன நாங்கள் இரண்டு கிலோமீட்டர் கழித்துத்தான் தலை எண்ணினோம். அவர் ஒரு மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நாய்களோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். வாய்க்கால் பாலம் ஒவ்வொன்றிலும் நின்று எண்ணுங்கள். மூச்சு இரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே நெடுஓட்டத்துக்குச் சரியான வேகம் என்பதால், நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வாழைச் சருகுக் குவியலை மிதிக்காதீர்கள். கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே படுத்திருக்கும். கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து, நேராகப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தேங்கிய நீரில் ஓடியவர்கள் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். சேற்றுப்புண் வயலில் இறங்குபவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அதைவிட முக்கியம் எலிக்காய்ச்சல். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கண் சிவப்பு, ஆடுதசையில் கடும் வலி என்று வரும். ஓட்டக்காரர் தசைவலியை ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார், இதுதான் ஆபத்து. காய்ச்சலோடு ஆடுதசை வலித்தால் மருத்துவரிடம் போய், “சேற்றுத் தண்ணீரில் ஓடினேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வியர்த்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

மேகமூட்டத்தில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை நம்பாமல் உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ வைத்துக்கொள்ளுங்கள். வாழை ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் தாயனூரில் இருக்கும் ஊர் நம்முடையது. இங்கே பூவன் பழம் இருக்க, விலை கொடுத்து ஜெல் வாங்குவானேன்? முக்கால் மணிக்கொரு பழமும் இரண்டு கடலை மிட்டாயும் போதும். பந்தயத்தன்று சாப்பிடப்போவதை இப்போதே வயிற்றுக்குப் பழக்குங்கள்.

இடி கேட்டால் பனை, தென்னையடியில் ஒதுங்காதீர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஓட்டத்தை முடிக்கும் இடமாக அம்மா மண்டபத்தை இந்த ஐப்பசியில் வைக்காதீர்கள். துலா ஸ்நானத்துக்கு விடியுமுன்னே கூட்டம் சேர்ந்துவிடும், படித்துறைச் சாலையில் ஓட இடமிருக்காது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து போகும் பெருமாளின் திருமஞ்சனத் தண்ணீர், இந்த ஒரு மாதம் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானைமேல் போகிறது. அந்தப் பக்கம் வர நேர்ந்தால் ஓரமாக நின்று, ஹெட்லைட்டை அணைத்து, யானை கடந்த பிறகு கடிகாரத்தை மறுபடி ஓடவிடுங்கள்.