மலைச்சரிவின் இரு கணக்குகள்

ஊசுட்டேரிக் கரையில் நடந்திருக்கிறீர்களா? புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வேரி, நம் பகுதியின் பெரிய நன்னீர் ஏரியாகும். 2008இல் புதுச்சேரி அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மார்கழி, தை மாதக் காலைகளில் அந்தக் கரையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் களைப்புத் தோன்றுவதில்லை. பேசிக்கொண்டே நடக்கலாம்.

அதே கால்களோடு செஞ்சிக்குச் சென்று இராஜகிரி மீது ஏறிப் பாருங்கள்! 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த கோட்டை அது. குன்றின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். பத்தே நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மாணவர் படியில் அமர்ந்து, மூச்சு வாங்கியபடி, "சார், ஏரிக்கரையில அஞ்சு கிலோமீட்டர் நடந்தேன், ஒண்ணும் தெரியல. இங்க அரை கிலோமீட்டர்கூட வரல, நெஞ்சு அடைக்குது. ஏன் சார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நல்ல இயற்பியல் வினா. அதற்கு விடை தேடினால், மலைக்காட்டில் உயிர் காக்கக்கூடிய இன்னொரு பாடமும் கிடைக்கும். இரண்டையும் வரிசையாகக் காண்போம்.

முதல் கணக்கு: ஏறுபவர்

சமதரையில் நடக்கும்போது நம் உடலின் எடை மையம் ஒவ்வோர் அடிக்கும் சிறிது உயர்ந்து மீண்டும் தாழ்கிறது. நடை முடியும்போது தொடங்கிய உயரத்திலேயே நிற்கிறோம். புவியீர்ப்புக்கு எதிராக நாம் செய்த நிகர வேலை சுழி. மலையில் அப்படியன்று. ஒவ்வோர் அடியிலும் உடலை மேலே தூக்க வேண்டும். 50 கி.கி. நிறையுள்ள மாணவர் 240 மீட்டர் ஏறினால்,

வேலை = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 50 × 9.8 × 240 = 1,17,600 ஜூல்.

நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே உடல் செலவிடுவது ஏறக்குறைய 4,70,000 ஜூல். மீதி மூன்று பங்கும் வெப்பமாகிறது. இந்த வெப்பத்தை வெளியேற்றவே வியர்க்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கணக்கிட்டால், இந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 150 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். வெயிலிலிருந்து உடல் பெறும் வெப்பம் தனி. நம் கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமலே சொட்டி வீணாகிறது. மலையேறப் போகிறவர் கையில் தண்ணீர் ஏன் தாராளமாக இருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

வேலை எவ்வளவு என்பது மட்டுமன்று, எவ்வளவு விரைவாகச் செய்கிறோம் என்பதும் முக்கியம். அதுவே திறன். நம் மாணவர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறினால், உடலைத் தூக்குவதற்கு மட்டும் 82 வாட் திறன் தேவை. பழக்கமில்லாதவரால் நெடுநேரம் இதைவிட மிக விரைவாக ஏற இயலாது. ஆகவேதான் மலைப்பாதைகளை வளைத்து வளைத்து அமைக்கிறார்கள். செய்யவேண்டிய மொத்த வேலை மாறுவதில்லை. ஆனால் அதை நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுவதால் தேவைப்படும் திறன் குறைகிறது. நீங்கள் வகுப்பில் படித்த சாய்தளம் இதுதான்.

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியைத் தந்தார். மெட்ரிக் அளவில் அதை இப்படிச் சொல்லலாம்: 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி. 20 பாகைச் சரிவில் நேராக 100 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கிடைத்தொலைவு 94 மீட்டர், உயரம் 34 மீட்டர். முதலாவதற்கு 1.1 நிமிடம், இரண்டாவதற்கு 3.4 நிமிடம், மொத்தம் 4.5 நிமிடம். சமதரையில் மணிக்கு 5 கி.மீ. நடந்தவரின் வேகம் இங்கே மணிக்கு 1.3 கி.மீ. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு!

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கணக்கு: தீ

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலை மேலே இருக்குமாறு பிடித்தால், சுடர் மெதுவாகக் கீழிறங்கும். தலை கீழே இருக்குமாறு சாய்த்தால் மறுகணமே விரலைச் சுடும். குச்சியும் அதே, மருந்தும் அதே. மாறியது சாய்வு ஒன்றுதான்.

காரணம் எளிது. சூடான வளிமம் அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. தீ சரிவில் மேல்நோக்கிப் பரவும்போது, சுடரும் சூடான காற்றும் முன்னேயுள்ள புல்லைத் தழுவிச் செல்கின்றன. வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல் ஆகிய இரண்டாலும் அந்தப் புல் தீ வந்து சேரும் முன்பே உலர்ந்து, எரியத் தயாராகிவிடுகிறது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் மெக்ஆர்தர் கண்ட தோராய விதி இது: சரிவு 10 பாகை கூடும்தோறும், மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் இருமடங்காகும். 20 பாகையில் நான்கு மடங்கு. 30 பாகையில் எட்டு மடங்கு.

இனி இரு கணக்குகளையும் அருகருகே வையுங்கள். 20 பாகைச் சரிவில் மனிதரின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தீயின் வேகமோ நான்கு மடங்காகப் பெருகுகிறது. சமதரையில் மணிக்கு 1 கி.மீ. ஊர்ந்துவரும் தீயை நாம் சாவகாசமாக நடந்தே கடந்துவிடலாம். அதே தீ இந்தச் சரிவில் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் வரும், நாமோ 1.3 கி.மீ. ஓட முயன்றால் வேகம் சற்றுக் கூடும். ஆனால் உடலின் திறன் சில நிமிடங்களே தாங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து ஒரு காட்டுப்பாதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, 7,000 அடிக்கு மேலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டங்களை அடைகிறது. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவுகளில் காய்ந்த புல்லில் தீ பரவியது. மலையேற்றத்துக்கு வந்திருந்த இரு குழுக்கள் அதில் சிக்கின. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

பகல் வேளை என்பது இன்னோர் ஆபத்து. புதுச்சேரிக் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று வீசுவதை அறிவீர்கள். நிலம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழுவதால், கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. மலையிலும் இதே கதைதான். வெயிலில் காய்ந்த சரிவை ஒட்டிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். தீயும் அதே திசையில் ஏறும். இரவில் காற்று திரும்பிக் கீழிறங்கும். மலையிடுக்குகளும் குறுகிய ஓடைப்பள்ளங்களும் புகைபோக்கிபோல் செயல்பட்டுத் தீயை இன்னும் விரைவாக மேலே இழுக்கும்.

தெரிந்தால் என்ன செய்வோம்?

அச்சத்தில் உயரத்தை நோக்கி ஓடத் தோன்றுவது இயல்பு. இயற்பியலோ வேறு சொல்கிறது.

1. தீ உங்களுக்குக் கீழே இருந்தால், நேர் மேலாக ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.
2. எரிய ஏதுமில்லாத இடத்தைத் தேடுங்கள்: வெறும் பாறை, அகன்ற நீர்நிலை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம், வனத்துறையினர் வெட்டிய தீத்தடுப்புக் கோடு.
3. மலையிடுக்கில் ஒளியாதீர்கள்.
4. நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடையே நல்லது.
5. எல்லாவற்றுக்கும் மேலாக, வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

குரங்கணித் துயரத்துக்குப் பின், 2018இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தில் 40 வழித்தடங்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு, அவை மூடப்பட்டன. "லீவு நாளில் மூடிவிட்டார்களே" என்று அப்போது சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். மேலே கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிக் குறைப்படமாட்டார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கோணமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நூல் முனையில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பைச் சரிவுக்கு இணையாகப் பிடியுங்கள். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ, அதுவே சரிவின் கோணம். ஏரிக்கரையின் சரிவு, பள்ளி மாடிப்படி, அடுத்த சுற்றுலாவில் செஞ்சிக் குன்று என ஒவ்வொன்றையும் அளந்து குறித்துவாருங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் எதிரே, தீயின் வேகம் எத்தனை மடங்காகும் என்றும் எழுதுங்கள்.

விடை காணுங்கள்

1. 60 கி.கி. நிறையுள்ளவர் 5 கி.கி. பையோடு 300 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை எவ்வளவு?
2. 6 கி.மீ. தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நைஸ்மித் விதிப்படி எவ்வளவு நேரம் ஆகும்? மாலை 6 மணிக்குள் உச்சியை அடைய, கடைசியாக எப்போது புறப்படலாம்?

(விடைகள்: 1. 1,91,100 ஜூல். 2. 2 மணி 42 நிமிடம்; பிற்பகல் 3.18. ஆனால் இருட்டும் முன் திரும்பி இறங்கவும் வேண்டும். ஆகவே காலையிலேயே புறப்படுவதுதான் சரியான விடை!)