மேகக் கணிமையில் செயற்கை நுண்ணறிவு: சந்தேகத்துக்குரிய பயன்பாட்டைக் கண்டறிதல்

மாணவர்களே, இப்பாடம் கணினிப் பாதுகாப்பு என்னும் அலகுடன் தொடர்புடையது. இதனை மனனம் செய்வதால் பயனில்லை. விளங்கிக்கொண்டால் வினா எந்த வடிவில் வந்தாலும் எழுதலாம்.

கட்டுரை எழுதும், மொழிபெயர்க்கும், வினாக்களுக்கு விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுட் பெரியவற்றை வீட்டுக் கணினியில் இயக்க முடியாது. அவை பெரிய தரவு நிலையங்களில் இயங்க, நாம் இணையத்தினூடாகப் பயன்படுத்துகிறோம். இது மேகக் கணிமை ஆகும். பதுளையிலுள்ள ஒரு கல்வி நிலையம் இத்தகைய சேவையொன்றைப் பெற்றுள்ளது எனக் கொள்வோம். சேவை வழங்கும் நிறுவனம் அந்நிலையத்துக்கு ஒரு சாவியைக் கொடுக்கும். அது எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த நீண்ட தொடர். ஏபிஐ சாவி என்பர். அனுப்பும் வினாவும் கிடைக்கும் விடையும் டோக்கன் எனும் சிறு துண்டுகளாக எண்ணப்பட்டுக் கட்டணம் அறவிடப்படும். சாவி யார் கையில் இருக்கிறது என்பதைச் சேவை தானாக அறியாது. திருடியவன் பயன்படுத்தினாலும் பில் நிலையத்தின் பெயருக்கே வரும்.

இவ்வாறு நடந்தும் உள்ளது. மேகக் கணக்குகளின் சாவிகளைத் திருடிச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயன்படுத்தும் கும்பலொன்றைப் பற்றி சிஸ்டிக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2024 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. எவரும் கவனிக்காவிட்டால் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 46,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட செலவு ஏற்படலாம் என அது கணக்கிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், வாடிக்கையாளரின் சாவிகளைத் திருடித் தீய படங்களை உருவாக்கியோருக்கு எதிராக மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது.

முதற் சம்பவத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. திருடர் உடனே மாதிரியைப் பயன்படுத்தத் தொடங்கவில்லை. விடையின் நீளம் ‘கழித்தல் 1’ டோக்கன் என, நடக்கவே முடியாத ஒரு கோரிக்கையை முதலில் அனுப்பினர். “உமக்கு அனுமதியில்லை” என மறுமொழி வந்தால் அச்சாவி பயனற்றது. “நீளம் பிழை” என்று வந்தால் சாவி வேலை செய்கிறது! செலவு ஏற்படாமலே சோதித்துவிட்டனர். அடுத்து, வினாக்களும் விடைகளும் பதிவு செய்யப்படுகின்றனவா என்று விசாரித்தனர். கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறதா என்பதே திருடனின் முதற் கேள்வி. பில் வரும்வரை காத்திருப்பவர் இவ்விரண்டையும் காணமாட்டார். பதிவேட்டைப் பார்ப்பவர் காண்பார்.

இதனைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையுடன் ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளுங்கள். செக்றோலில் யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ எடுத்தார் என்பன எழுதப்படுகின்றன. வழக்கமாக 20 கிலோ எடுப்பவரின் பெயரில் 70 கிலோ இருந்தால் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். பிரட்டுக்கே வராதவரின் பெயரில் 5 கிலோ இருந்தாலும் பார்க்க வேண்டும். தொகை சிறிது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது. ஆனால் அந்த 70 கிலோ, கைக்காசு நாளில் வீட்டார் எல்லோரும் எடுத்து ஒரே பெயரில் போட்டதாகவும் இருக்கலாம். ஆகவே சந்தேகம் என்பது கேள்வி மட்டுமே, தீர்ப்பு அன்று.

வழக்கமும் காலத்துக்குக் காலம் மாறும். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும்போது கொழுந்து குறையும். மழைக்காலக் கணக்கை வைத்து அதை அளந்தால் எல்லோரும் குற்றவாளிகளாகிவிடுவர். அவ்வாறே பரீட்சைக்கு முந்திய மாதத்தில் கல்வி நிலையமொன்றின் பயன்பாடு கூடுவது இயல்பு. இதுவரை தொடாத மாதிரியை அழைத்தல், நிலையம் பூட்டிய நேரத்துக் கோரிக்கைகள், அறியாத நாட்டிலிருந்து வரும் இணைப்பு, அடுத்தடுத்து மறுக்கப்படும் கோரிக்கைகள் ஆகியன அவ்வளவு எளிதில் விளக்க முடியாதவை.

வழக்கத்துக்கு மாறானதைப் பார்த்து நிறுத்தியமைக்கு நம் நாட்டுடன் தொடர்புடைய உதாரணமும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் திருடப்பட்டபோது, 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. ‘பவுண்டேசன்’ என்ற சொல் ‘பண்டேசன்’ என எழுத்துப்பிழையுடன் இருந்ததால் இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது, பணம் தப்பியது. பிலிப்பைன்சுக்குச் சென்ற 81 மில்லியன் டொலர் தடுக்கப்படவில்லை.

பதிவில் இரு மட்டங்கள் உண்டு. யார், எப்போது, எந்த மாதிரியை அழைத்தார் என்பது ஒன்று. என்ன கேட்டார் என்பது மற்றையது. இரண்டாவதில் மாணவரின் சொந்த விடயங்களும் இருக்கும். ஒரு பிள்ளை தன் வீட்டுத் துன்பத்தைக்கூட அங்கே எழுதியிருக்கலாம். எனவே அதனைச் சேமிப்பதாயின் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; பார்ப்பவர் யார் என வரையறுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கு குறிப்பிடலாம். என் கருத்தில், பெரும்பாலான சிறு நிலையங்களுக்கு முதல் மட்டமே போதும்.

மாதிரி வினா: சாவி திருடப்பட்டதாக அறிந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது போதுமானதா?

விடை: போதாது. கடவுச்சொல் மாறினாலும் பழைய சாவி தொடர்ந்து வேலை செய்யலாம். முதலில் சாவியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பதிவுகளை அழிக்காது பாதுகாத்து, சேவை நிறுவனத்துக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். அனுமதியின்றிக் கணினியை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். சாவி கசிந்த வழியைக் கண்டபின்னரே புதிய சாவி பெற வேண்டும். இல்லாவிடில் அதுவும் அதே வழியிற் போகும். (வகுப்பில் பலர் முதல் இரு வசனங்களுடன் நிறுத்திவிடுகிறார்கள். முழுப் புள்ளி கிடைக்காது.)

பயிற்சி வினா: பண்டாரவளை நிலையமொன்றில் பரீட்சை மாதத்தில் பயன்பாடு மும்மடங்காகியது, எல்லாம் மாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், வழக்கமான மாதிரியிலேயே. பசறை நிலையமொன்றில் மொத்தப் பயன்பாடு கூடவில்லை. ஆனால் அதிகாலை 2 மணிக்குப் பிழையான நீளத்துடன் மூன்று கோரிக்கைகளும், பதிவு நடைபெறுகிறதா என வினவும் ஒரு கோரிக்கையும் வந்துள்ளன. நீங்கள் எந்நிலையத்தின் சாவியை முதலில் நிறுத்துவீர்கள்? காரணம் தருக.