படுக்கையறையில் பியானோவுக்கு இடம்

பிள்ளைக்கு டிஜிட்டல் பியானோ வாங்கலாம் என்று பேச்செடுத்ததுமே, "வைக்க இடம் எங்கே இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடும். ஹாலில் டி.வி. ஓடும், ஆகவே படுக்கையறைதான். கட்டிலும் பீரோவும் போக, பத்துக்குப் பத்து அறையிலும் இடம் பண்ணலாம்.

1. 88 கட்டைகள் உள்ள பியானோ ஏறக்குறைய 130 செ.மீ. நீளம், 25 முதல் 30 செ.மீ. அகலம் இருக்கும். சுவரோரம் ஓர் அடிதானே என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டூலுக்கும் உட்காருகிறவருக்கும் இன்னும் இரண்டடி வேண்டும். ஆக, சுவரிலிருந்து மூன்றடி.

2. கடைக்குப் போகுமுன் அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாள்களைத் தரையில் ஒட்டி, பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள். பீரோக் கதவு முழுக்கத் திறக்கிறதா, ராத்திரி பாத்ரூம் போகிறவர் இடித்துக்கொள்கிறாரா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். டேப் மட்டும் பிடித்துப் பார்த்தால் இது தெரியாது.

3. கட்டிலின் கால்மாட்டுச் சுவர்தான் பெரும்பாலும் தோதான இடம். ஏ.சி.க்கு நேர் கீழே கூடாது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தண்ணீர் சொட்டும். மழைச்சாரலோ மேற்கு வெயிலோ விழும் ஜன்னலோரமும் வேண்டாம்.

4. பிள்ளையின் படிப்பு மேசைமேலேயே வைத்துவிடலாம் என்று தோன்றும். அந்த மேசையே இரண்டரை அடி உயரம். அதன்மேல் பியானோவை வைத்தால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கையும் கட்டைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லிச் செய்வதானால் பலகை இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். நடுவில் கால் வைக்காமல் இரு ஓரங்களிலும் வைக்கச் சொல்லுங்கள். பலகை நடுவில் தொய்யாதிருக்க அடியில் ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டு மலிவுதான், ஆனால் முட்டி இடிக்கும்.

5. இடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து வாசிப்பவர்கள் உண்டு. மெத்தை அமுங்கும், முதுகு கூனும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுகிற ஸ்டூலே போதும்.

6. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாமே என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோவைக் குனிந்து இழுத்து, ஸ்டாண்டை விரித்து, வயரைச் சொருகிச் சாதகம் செய்யும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எப்போதும் விரித்தே இருக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் 61 கட்டை கீபோர்டு வாங்குங்கள், நீளம் மூன்றடிக்குச் சற்றே அதிகம்.

7. டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே முன்னால் போகும். அடியில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள். வயர் நடைபாதையின் குறுக்கே போகாதபடி, பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கமாகவே பியானோவைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

8. இன்னொருவர் தூங்கும் அறை என்பதால் ஹெட்போன் அவசியம். வயர் உள்ளதாக வாங்குங்கள். புளூடூத்தில் சத்தம் ஒரு நொடிப்பின்னம் தாமதித்து வரும், தாளம் தப்பும். ஹெட்போன் போட்டாலும் கட்டை தட்டுகிற 'டொக் டொக்' ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்கும். கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்து ஸ்டாண்டுக்கு அடியில் போட்டால் கீழ்வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்.

9. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டியால் மூடிவையுங்கள். தூசியும் முகப்பவுடரும் பல்லி எச்சமும் கட்டை இடுக்கில் போனால் எடுப்பது சிரமம். மூடியதும் மடிக்காத துணியெல்லாம் அதன்மேல் வந்து குவியும். முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

10. இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடாப்டரையே கழற்றிவிடுங்கள்.