பங்கே இல்லையென்றால் விடுதலைப் பத்திரம் எதற்கு?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். பொன்னேரியில் கட்டிக்கொடுத்தார்கள். போன வருஷம் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் பேரில் பட்டா வீடு, அவரே வாங்கிய பைபர் படகு, இன்ஜின், வலை, பேங்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பேங்கில் நாமினி பெரிய அண்ணன். "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஊர் வழக்கத்தில் பங்கு கிடையாது, நகைதான் போட்டாச்சே" என்கிறார். ஊர்ப் பஞ்சாயத்திலும் அதையே சொன்னார்கள். படித்த சின்ன அண்ணனோ, "பொது சிவில் சட்டம் வந்தால்தான் உனக்குப் பங்கு, இப்போதைக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார். அம்மாவும் ஆயாவும் (அப்பாவைப் பெற்றவர்) அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். ஏரியில் அப்பாவுக்கு இருந்த பாடு உரிமையிலும் நான் கேட்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொன்னேரி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மீதியைப் பிறகு பேசுவோம். பங்கே கிடையாது என்பவர்கள், இல்லாத பங்கை எழுதி வாங்க ஏன் முத்திரைத்தாள் தேடுகிறார்கள்? பத்திரம் பதிவாகிவிட்டால் இன்று உங்களுக்கு இருப்பது போய்விடும். நாளை எந்தச் சட்டம் வந்தாலும் அதைத் திருப்பித் தராது.

மதத்தை நீங்கள் சொல்லவில்லை. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. உங்கள் வீட்டில் அம்மா, ஆயா, அண்ணன்கள் இருவர், நீங்கள் என ஐந்து பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்று அந்தச் சட்டம் ஒருநாளும் கேட்டதில்லை.

பின்னே இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1989இல் தமிழ்நாடு அரசு, பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை மட்டும் விலக்கிவைத்தது. அந்த விலக்குதான் ஊர்வாயில் தங்கி, எல்லாச் சொத்துக்கும் எல்லாப் பெண்ணுக்கும் என்று வளர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வேறுபாடும் இல்லை. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும்வரை மகள் பாகம் கேட்கக் கூடாது என்றிருந்த 23ஆம் பிரிவையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. ஊர் வழக்கத்தைப் பொறுத்தவரை, இந்தச் சட்டம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதில் பழைய வழக்கம் செல்லாது என்று அதன் 4ஆம் பிரிவே சொல்கிறது.

வீட்டுப் பட்டாவின் நகலை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடாக இருந்தால் அம்மா பேரும் அதில் இருக்கக்கூடும். இருவர் பேரிலும் இருந்தால் அம்மாவின் பாதி பங்குக்கே வராது. அப்பாவின் பாதிதான் ஐந்தாகும். படகை யாரும் அறுத்துக் கொடுக்க மாட்டார்கள். இன்ஜின், வலையோடு மதிப்புப் போட்டு, அதன் மேல் கடன் இருந்தால் கழித்து, ஓட்டுகிற அண்ணன் உங்கள் பங்கைப் பணமாகத் தரலாம். நாமினி என்பவர் பேங்கிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான்; வாங்கியது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் 2015க்குப் பிறகு விதி வேறு. பாலிசி இருந்தால் தனியாக எழுதுங்கள்.

இனி சின்ன அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். எல்லா மதத்தாருக்கும் ஒரே குடும்பச் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பது உண்மைதான். பழவேற்காட்டிலேயே அதைப் பார்க்கலாம். உங்களுடையதைப் போலவே மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகள் உள்ள மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் சொத்து 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்து வீட்டில் ஆளுக்கு 2.40 லட்சம். கிறிஸ்தவ வீட்டில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, அதாவது 4 லட்சம். மீதியைப் பிள்ளைகள் மூவரும் சமமாக எடுப்பதால் மகளுக்குச் சுமார் 2.67 லட்சம், பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 1.50 லட்சம், தாய்க்கு ஆறில் ஒன்றாக 2 லட்சம். மீதியில் மகனுக்கு 3.40, மகளுக்கு 1.70. மகள் மூன்று வீட்டிலும் வாரிசுதான். தொகைதான் வேறு.

இதை ஒன்றாக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 44ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டு நெறி அது. 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பேச்சு வந்தபோது, எந்தச் சமூகத்தையும் அதன் தனிச்சட்டத்தை விடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் நம் காயிதே மில்லத். வாதம் இன்னும் முடியவில்லை. கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டம் தொடர்கிறது; உத்தராகண்டில் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27 முதல் நடப்பில் உள்ளது. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் உங்கள் ஏரிக்கரையிலும்தான் இருந்தார்கள். டச்சுக்காரரின் சட்டம் இலங்கையில் இன்றும் வழங்குகிறது; இங்கே அவர்கள் கல்லறைதான் மிச்சம். பொதுச் சட்டம் வரட்டும், வராமல் போகட்டும், உங்கள் ஐந்தில் ஒன்று அதை நம்பி இல்லை. அது அப்பா கண்மூடிய நிமிடமே உங்களுக்கு வந்துவிட்டது.

பாடு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. ஏரித் தண்ணீர் யாருடைய பட்டாவும் இல்லை. எந்த இடத்தில் யார் எந்த முறைக்கு வலை கட்டுவது என்று ஊர் தலைக்கட்டுக் கணக்கில் வகுத்துக்கொண்ட ஏற்பாடு பாடு. அப்பா அதை ஊரில் ஒரு தலைக்கட்டாக அனுபவித்தார். வீட்டைப் போல, படகைப் போல விட்டுச்செல்லும் சொத்தாக அல்ல. அண்ணன்களுக்கு முறை கிடைத்தால் அதுவும் அவரவர் தலைக்கட்டால் கிடைப்பதே. வாரிசுரிமைச் சட்டம் இதைத் தொடவில்லை. 4ஆம் பிரிவும் இங்கே உதவாது. பெண்களைத் தலைக்கட்டில் சேர்க்காதது சரியா என்றால், சரியில்லை என்பேன். ஆனால் அது ஊரோடு நடத்த வேண்டிய வழக்கு. அண்ணன்கள் மேல் போடும் பாகப்பிரிவினை வழக்கில் அதைச் சேர்த்தால் வலுவான வழக்கைப் பலவீனமாக்குவீர்கள். மறுபக்கம், பாட்டு முறையை வகுக்கும் பஞ்சாயத்துக்கு வீட்டை வகுக்கும் அதிகாரம் இல்லை. நீதிமன்றம் போனால் தண்டம், ஊர்விலக்கு என்று மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

முதலில் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்யுங்கள். பட்டாவை அண்ணன்கள் தங்கள் பேருக்கு மாற்ற மனுக் கொடுத்திருந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பொன்னேரி நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டு அங்கே மனுக் கொடுக்கலாம்.

வாரிசுச் சான்றில் ஆயா பெயர் விடுபடாமல் பாருங்கள். வயதானவர்தானே என்று அவரை விட்டுவிட்டு நான்கு பங்காகப் போடுவது இந்தப் பக்கத்தில் வாடிக்கை. அதற்கு நீங்களும் உடன்பட வேண்டாம். அவருடைய பங்கை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். அவரிடம் யாராவது கைநாட்டு வாங்க வந்தால், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்ல உங்களைக் கூப்பிடும்படி இப்போதே சொல்லிவையுங்கள்.