நெடுவழி நடை

நுழையும்முன்

வெயிலில் நெடுந்தொலைவு நடப்பதற்குக் கால்வலிமை மட்டும் போதாது. நீர், உப்பு, நிழல், பொழுது, துணை ஆகிய ஐந்தையும் புறப்படும் முன்னரே கணக்கிட்டவரே நலமுடன் வீடு திரும்புவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டுதோறும் நிகழும் சிவாலய ஓட்டம் இக்கணக்கின் பெரும்பகுதியை மரபாகவே காத்து வருகிறது. அம்மரபில் பொதிந்துள்ள அறிவையும் அதனோடு இன்று சேர்க்க வேண்டிய அறிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாலையும் பொழுதும்

ஐந்திணைகளுள் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. மழையின்றிக் காய்ந்த காடும் மலையுமே பாலையாக மாறும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இவ்விளக்கத்தில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. மணற்பரப்பு மட்டுமே பாலை அன்று. நீரும் நிழலும் அற்றுப்போகும் எந்த வழியும் நடப்பவருக்குப் பாலைதான்.

பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். அதற்குரிய பெரும்பொழுதாக வேனிலோடு பின்பனியையும் இலக்கணிகள் சேர்த்துள்ளனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பின்னிரவில் பனி பெய்யும். பொழுது ஏற ஏற வெயில் கடுக்கும். காலையின் குளிரை நம்பிப் புறப்படுபவர் நண்பகலின் வெம்மையை மறந்துவிடுவது இயல்பு. நெடுவழிப் பயணத்தில் இம்மறதியே முதல் இடராகும். சிவாலய ஓட்டம் நிகழ்வதும் இந்த மாசித் திங்களில்தான்.

பன்னிரு தலங்கள், ஒரே நடை

பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பன்னிரண்டு சிவாலயங்கள் ஒரு வரிசையாக எண்ணப்படுகின்றன. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்பன அவை. சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறையில் உள்ள திருமலைக் கோயிலில் தொடங்கும் நடை, சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் நிறைவுறும். மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். இன்று ஊர்திகளில் செல்வோர் பலர். எனினும், காவி உடுத்து, வெறுங்காலுடன் நடந்தும் ஓடியும் செல்வோர் இம்மரபைத் தொடர்ந்து காத்து வருகின்றனர். நாஞ்சில் நாட்டின் ஊர்களிலிருந்தும் அடியவர்கள் வந்து கலந்துகொள்கின்றனர்.

இந்நடைக்குக் காரணமாகக் கூறப்படும் கதையும் ஓட்டத்தைப் பற்றியதே. பாதி மனித உருவமும் பாதி விலங்கு உருவமும் கொண்ட புருஷாமிருகம் தீவிர சிவபக்தி உடையது. திருமால் பெயரைக் கேட்கவும் பொறாதது. கண்ணன் பன்னிரண்டு உருத்திராக்கங்களைக் கொடுத்துப் பீமனை அதனிடம் அனுப்புகிறான். "கோவிந்தா, கோபாலா" என்று அழைத்தவாறு பீமன் ஓட, புருஷாமிருகம் துரத்துகிறது. பிடிபடும் நிலை வரும்போதெல்லாம் பீமன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே வைக்கிறான், அது சிவலிங்கமாகிறது, புருஷாமிருகம் வழிபடத் தொடங்கியதும் அவன் மீண்டும் ஓடுகிறான். சிவாலயங்களுக்குச் செல்லும் அடியவர் திருமால் பெயரை முழங்குவது இக்கதையின் வழிவந்த வழக்கமாகும். அரியும் அரனும் ஒன்று என்னும் கருத்து இதில் வலியுறுத்தப்படுகிறது.

கதையில் வரும் பீமன் வலிமைக்குப் பெயர்பெற்றவன். அவன்கூடத் தோள்வலிமையை மட்டும் நம்பி ஓடவில்லை. எண்ணிக் கொடுக்கப்பட்டதை வழியில் அளந்து செலவிட்டான். நெடுவழி நடப்பவருக்கு இது பொருத்தமான பாடம்.

மரபு தந்த ஏற்பாடுகள்

ஓட்டத்திற்குச் செல்வோர் சில நாள்களுக்கு முன்னரே மாலை அணிந்து நோன்பு தொடங்குவர். நடக்கும்போது கையில் ஓர் ஓலை விசிறி இருக்கும். திருநீறும் சிறுபணமும் வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை இருக்கும். கோயில்தோறும் குளத்திலோ ஆற்றிலோ நீராடி, ஈரத்துணியுடன் வழிபட்டு, விசிறியால் இறைவனுக்கு வீசுவர். வழியோர ஊர்மக்கள் மோர், பானகம், சுக்குநீர், கஞ்சி முதலியவற்றை வழங்குவர்.

இவை ஒவ்வொன்றும் வழிபாட்டின் கூறு. உடலுக்கும் இவை உதவுகின்றன. வியர்வை வெறுமனே வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் உடல்வெப்பம் வெளியேறுகிறது. வறண்ட பாலையில் வியர்வை விரைவில் ஆவியாகும். ஆதலால் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே நடப்பவருக்குத் தெரியாது. கடற்கரையை அடுத்த குமரி நிலத்திலோ காற்றில் ஈரப்பதம் மிகுதி. இங்கு வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடலிலேயே தங்கும். வெப்பம் வெளியேறத் தடை ஏற்படும். ஈரத்துணியும் விசிறியும் இத்தடையைத் தளர்த்துகின்றன. அதே ஈரத்துணி நெடுநேரம் உராய்ந்தால் தொடையில் புண் உண்டாகும். புறப்படும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது உராய்வைக் குறைக்கும்.

உடலைப் பழக்குதல்

நூறு கிலோமீட்டர் நடையை ஒரே நாளில் உடல் கற்றுக்கொள்வதில்லை. சில வாரங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கித் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். வெயிலுக்கும் தனியே பழக வேண்டும். நாள்தோறும் ஓரளவு வெயிலில் நடந்து பழகினால், ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் உடல் தன்னை மாற்றிக்கொள்ளும். வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பின் அளவு குறையும். அதே உழைப்புக்கு இதயத் துடிப்பும் குறையும். குளிர்சாதன அறையில் பணியாற்றுபவர் இப்பழக்கமின்றி நேரே வெயிலில் இறங்குவது தீங்கு தரும்.

வெறுங்காலுடன் நடக்க விரும்புவோர் பாதத்தையும் பழக்க வேண்டும். வயல்வரப்பும் மண்பாதையும் இருந்த காலத்தில் தோன்றிய வழக்கம் இது. இன்று அதே வழி பெரும்பாலும் தார்ச்சாலை. நண்பகலில் தார்ச்சாலை காற்றைவிட மிகுதியாகச் சூடேறும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவரும், அண்மையில் அவற்றிலிருந்து மீண்டவரும் நடையைத் தவிர்க்க வேண்டும். இதயநோய், நீரிழிவு போன்றவற்றிற்கு மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோன்பிருப்போர்க்கும் இது பொருந்தும்.

நீரும் உப்பும்

கடுமையாக உழைக்கும் உடல் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கும் வியர்வையை வெளியேற்றக் கூடும். வியர்வை வெறும் நீர் அன்று. அதில் உப்பும் கலந்துள்ளது. எனவே நீர் குடிக்காமல் நடப்பது ஒரு தவறென்றால், உணவும் உப்பும் இன்றி நீரை மட்டும் மேன்மேலும் குடிப்பது மற்றொரு தவறு. அவ்வாறு குடித்தால் குருதியில் சோடியத்தின் அளவு குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் உண்டாகும். முற்றினால் உயிருக்கே கேடாகும். உப்பிட்ட கஞ்சியும் மோரும் வழியோரத்தில் வழங்கப்படுவதன் அருமை இங்கே விளங்கும்.

ஒரே முறை வயிறு நிறையக் குடிப்பதைவிட, தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகக் குடிப்பதே நன்று. நீரோடு உப்புள்ள சிற்றுண்டியையும் உண்ண வேண்டும். வழியில் யாரேனும் தருவர் என்று எண்ணி வெறுங்கையுடன் செல்லக் கூடாது. அடுத்த தலம் வரை போதுமான நீர் தம் கையில் இருத்தல் வேண்டும்.

பொழுதும் நிழலும்

மாலையில் புறப்பட்டு இரவெல்லாம் நடப்பதால் வெயிலின் பெரும்பகுதி தவிர்க்கப்படுகிறது. ஆயினும் மறுநாள் நண்பகல் வரும்போது நடப்பவர் உறக்கத்தையும் வலிமையையும் இழந்திருப்பார். முதல் நாள் நண்பகலைத் தாங்கிய உடலாக அது இராது. ஆகவே, மறுநாள் வெயில் உச்சியில் நிற்கும் வேளையை நடைக்குரியதாகக் கொள்ளாமல் ஓய்வுக்குரியதாக ஒதுக்கி, அதற்கேற்ப இரவு நடையைத் திட்டமிட வேண்டும்.

நிழலையும் முன்னரே கணக்கிட வேண்டும். திற்பரப்பு, பொன்மனைப் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. ஆனால் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் பருவத்தை ஒட்டியே மாசி வருகிறது. ஆவணியில் கண்ட அடர்ந்த நிழல் மாசியில் அப்படியே இருக்கும் என நம்பலாகாது. இரவு நடைக்கும் தனி இடர் உண்டு. ஊர்திகள் விரையும் சாலையில் ஒளியை எதிரொளிக்கும் பட்டையை அணிந்து, கைவிளக்குடன், எதிர்வரும் ஊர்திகளைக் காணுமாறு ஓரமாக நடத்தல் வேண்டும்.

இறக்கம் தரும் மயக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கு உள்ளது. அதன் ஆழம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். 1919 முதல் அது தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. மலையேறுபவர் முதலில் ஏறிப் பின்னர் இறங்குவார். இப்பள்ளத்தாக்கில் நடப்பவரோ முதலில் இறங்கிப் பின்னர் ஏற வேண்டும். விளிம்பில் குளிர்ந்த காலைப் பொழுது; கால்களில் புதுவலிமை; வழியோ இறக்கம். இம்மூன்றும் சேர்ந்து நெடுந்தொலைவு இறங்கத் தூண்டும். கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடும். கோடையில் ஆற்றங்கரையில் 40 டிகிரி செல்சியசுக்கும் மேல் செல்லும். திரும்பி ஏற வேண்டிய வேளையில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

இதனால் கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கினுள் நடக்க வேண்டாம் எனப் பூங்காவினர் அறிவுறுத்துகின்றனர். ஒரே நாளில் ஆற்றுக்குச் சென்று திரும்ப முயல வேண்டாம் என்றும் எச்சரிக்கின்றனர். இறங்க ஆகும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்குத் தேவை என்பது அங்கு நடப்போர் கொள்ளும் கணக்கு. பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்த தமிழரின் நோக்கும் இந்த அறிவுரையும் ஒன்றையொன்று ஒத்துள்ளன. தொடக்கத்தில் உள்ள வலிமையைக் கொண்டு முழுவழியையும் அளக்கலாகாது என்பது இரு நிலங்களுக்கும் பொதுவான நெறி.

நிற்கத் தெரிதல்

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியன உடல் தரும் முதல் எச்சரிக்கைகள். அப்போதே நடையை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருக வேண்டும். பேச்சில் குழறலும் நடையில் தள்ளாட்டமும் தோன்றினால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அந்நிலையில் உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்திருக்கக் கூடும். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஊர்தி வரும்வரை காத்திராமல் அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.

வெப்பத்தால் அறிவு தடுமாறியவருக்குத் தம் தடுமாற்றம் தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, நடப்போம்" என்றே அவர் சொல்லுவார். இதனாலேயே தனி நடை தகாது. ஒருவரையொருவர் கண்காணிக்கும் துணை தேவை. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக வேண்டும். எந்த ஊரில், எந்த நிலையில் நடையை நிறுத்திப் பேருந்தில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். களைத்த பின் எடுக்கும் முடிவில் பிடிவாதம் கலந்துவிடும். வீட்டில் தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவே வழியில் காக்கும்.

ஆறாம் தலத்தில் நடையை நிறுத்தியவரை எவரும் இகழ்வதில்லை. கோயில் அடுத்த மாசியிலும் அங்கேயே இருக்கும்; நடக்க அவரும் இருத்தல் வேண்டும். நீரும் உப்பும் நிழலும் துணையும் அதற்கான ஏற்பாடுகளே.

தெரிந்து தெளிவோம்

உப்பு சர்க்கரைக் கரைசலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைக்க வேண்டும். இரண்டையும் தலைதட்டி அளத்தல் வேண்டும். உப்பின் அளவு மிகுதல் கூடாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நடைபெறும் பாதயாத்திரை ஒன்றைத் தேர்ந்து, வழியில் நீரும் நிழலும் கிடைக்கும் இடங்களைக் குறித்து வரைபடம் உருவாக்குக.

2. "மரபுவழக்கங்களில் பொதிந்துள்ள உடல்நல அறிவு" என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. நெடுவழி நடைக்குப் புறப்படும் நண்பருக்குக் கூற வேண்டிய அறிவுரைகளைக் கடிதமாக எழுதுக.