பெறுவோர் நோக்கில் பரிசில்: புறநானூற்றுப் பாடல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புறநானூற்றின் பரிசில் பாடல்கள் பெரும்பாலும் கொடுத்தோரின் வண்மைக்குச் சான்றுகளாகவே எடுத்தாளப்பட்டு வருகின்றன. ஆனால் அவற்றைப் பாடியோர் பரிசில் பெற்றோரும் பெறாது மீண்டோருமே ஆவர். எனவே, ஒரு கொடை எந்நிலையில் பெறுவோருக்குப் பொருளுடையதாகின்றது என்னும் வினாவிற்கு அப்பாடல்களே முதன்மைச் சான்றுகளாகின்றன. பெருஞ்சித்திரனார், கபிலர், ஒளவையார், பரணர், ஊன்பொதி பசுங்குடையார் முதலியோரின் பாடல்களை ஒப்பிட்டு, பொருளின் அளவோ பயன்பாட்டுப் பொருத்தமோ பரிசிலின் மதிப்பை உறுதிசெய்யவில்லை என்பதையும், பெறுவோரை இன்னார் என அறிந்து கொடுத்தலே அதனை உறுதிசெய்கின்றது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்ட பின்னர், அந்நூல் காட்டும் கொடைமரபு தொடர்ந்து ஆராயப்பட்டு வந்துள்ளது. வள்ளல்களின் வரலாறு, புரவலர் – புலவர் உறவு, பாணர் மரபு ஆகியவை அவ்வாய்வுகளின் களங்களாக அமைந்தன. க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதை குறித்து எழுதிய நூல் (1968) இவ்வுறவை வீரயுகச் சமூகத்தின் பின்னணியில் வைத்து விளக்கியது. மானிடவியல் துறையில் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வு, கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்றையும் சமூகக் கடப்பாடுகளாகக் கண்டது.

ஏற்றல் ஒரு கடப்பாடு எனின், ஏற்க மறுத்தல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வறுமையுற்ற புலவர் ஒருவர் கைக்கு வந்த பொருளை மறுக்கும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அம்மறுப்பிற்குரிய காரணத்தைக் கண்டறிவது, ஏற்கப்பட்ட பரிசில் எதனால் இனித்தது என்பதை அறிதற்கும் வழியாகும்.

இலக்கணத்தில் பெறுவோர் நிலை

தொல்காப்பியச் சொல்லதிகார எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் இரத்தற் பொருளில் வருவனவாகக் கூறி, முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர் கூற்றாக வகுக்கின்றது. இம்மூவகையும் கேட்பவனது நிலையை அடிப்படையாகக் கொண்டவை. பொருள் ஒன்றேயாயினும், கேட்பவன் கொடுப்பவனோடு எவ்வுறவில் நிற்கின்றான் என்பதற்கேற்பச் சொல் வேறுபடுகின்றது. புறநானூற்றுப் பாடல்களுக்கு வகுக்கப்பட்டுள்ள பரிசில், பரிசில் கடாநிலை, பரிசில் விடை முதலிய துறைகளும் பெறுவோர் வாயிலில் நிற்றல், நீட்டித்தவழிக் கேட்டல், பெற்று நீங்கல் ஆகிய நிலைகளைத் தழுவியே அமைகின்றன. கொடையைப் பெறுவோர் பக்கமிருந்து நோக்கும் மரபு தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று என்பது இவற்றால் தெளிவாகும்.

இரு மறுப்புகள்

பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அவன் அவரைக் காணாமலேயே பொருளைக் கொடுத்தனுப்பினான். அதனை ஏற்காமல் அவர் பாடியதே 208ஆம் பாடல். பல குன்றுகளையும் மலைகளையும் கடந்து வந்த தம்மிடம் வேந்தன் அருள் காட்டியதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், தம்மைக் காணாத ஒருவன் தம்மை எவ்வாறு அறிந்தான் என வினவுகின்றார். காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்கின்றார். தமது தகுதியளவை அறிந்து, பேணி விடுத்தால் தினையளவு சிறிய பொருளும் தமக்கு இனிது என்று முடிக்கின்றார். கொடுப்பவனிடம் நல்லெண்ணமும் பொருளும் இருந்தும் கொடை நிறைவு பெறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

வாணிகம் என்னும் ஒப்புமை இப்பாடலின் மையமாகும். விற்போனும் வாங்குவோனும் ஒருவரையொருவர் அறிய வேண்டியதில்லை. விலையும் பண்டமும் ஒத்தால் போதும். பரிசில் அத்தகையதன்று என்பதால், ஆளை விலக்கிப் பொருளை மட்டும் கைமாற்றுவது புலவனை வாணிகனாக்கிவிடுகின்றது.

இரண்டாவது மறுப்பு இளவெளிமானைப் பற்றியது (புறம். 207). அவன் சிறிதளவே கொடுத்தமையால் பெருஞ்சித்திரனார் கொள்ளாது பாடினார் என்பது பாடலின் கீழ் அமைந்த பழங்குறிப்பு தரும் செய்தி. பாடலிலோ அளவு குறித்த முறையீடு இல்லை. அருகிலிருந்து கண்டும் அறியாதவர் போல் இருத்தல், உள்ளம் மகிழாமல் முகம் வாடித் தருதல் ஆகியவையே அதில் குறையாகச் சுட்டப்பெறுகின்றன. வருக என வரவேற்கப்படும் தகுதியுடையோர்க்கு உலகம் பெரிது, பேணுவோரும் பலர் எனத் தம் நெஞ்சை எழுப்பிக்கொண்டு அவர் புறப்படுகின்றார். பழங்குறிப்பையும் பாடலையும் வேறுபடுத்தி நோக்கினால், மறுப்பின் காரணம் பொருளின் சிறுமை என்பதைவிட மதிப்பின் இன்மை என்பதே பாடலுக்குப் பொருந்துகின்றது.

இவ்விரு பாடல்களையும் இணைத்து நோக்குமிடத்து ஒரு நுட்பம் புலனாகின்றது. அதியமான் காணவில்லை, இளவெளிமான் கண்டும் அறியவில்லை. எனவே புலவர் வேண்டியது காட்சி மட்டுமன்று. காட்சியின் வழியாகப் பிறக்கும் அறிதலாகும்.

ஒரே கொடையாளர், ஒரே பெறுநர்

இம்மறுப்புகளைப் பெருஞ்சித்திரனாரின் தனிப்பட்ட செருக்காகவோ அதியமானின் வண்மைக் குறைவாகவோ கருத இடமுண்டா என்பது ஆராய்தற்குரியது. இருவரும் வேறு சூழல்களில் இடம்பெறும் பாடல்கள் இதற்கு விடை தருகின்றன.

பெருஞ்சித்திரனாரின் வறுமை 160ஆம் பாடலில் விரிவாகப் பதிவாகியுள்ளது. பாலில்லாத தாயின் மார்பைச் சுவைத்து அழும் புதல்வன் வீட்டில் உணவில்லாத கலங்களைத் திறந்து பார்க்கின்றான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை ஆற்ற முயல்கின்றாள். இத்தகைய மனையிலிருந்து வந்தவரே வேந்தர் தந்த பொருளை மறுத்தவர். அவருடைய மறுப்பின் விலை அக்குழந்தையின் பசியாகும். அவரே குமணனிடம் பெற்றதை மனையில் சேர்த்தபோது, விரும்பி வந்தோர்க்கும் சுற்றத்தார்க்கும் பசிக்காலத்தில் கடன் தந்தோர்க்கும் இன்னார் என்னாது கொடு என மனைவியிடம் கூறுகின்றார் (புறம். 163). தம்மைக் கேட்கவும் வேண்டா, சேர்த்து வைத்து வாழ நினைக்கவும் வேண்டா என்கின்றார். மனமுவந்து ஏற்ற பரிசில் பெற்றவரையே கொடையாளராக்குகின்றது. மோஸ் கூறும் திருப்பியளித்தல் இங்குக் கொடுத்தவனை நோக்கித் திரும்பாமல் சுற்றத்தை நோக்கிப் பரவுகின்றது. பாடலின் இறுதியில் குமணனின் பெயர் நிற்பதால் கொடையின் மூலமும் மறக்கப்படவில்லை.

அதியமானும் அறியாது கொடுப்பவன் எனப் பொதுவாகக் கொள்ளத்தக்கவன் அல்லன். பெறற்கரிய நெல்லிக்கனியின் பயனைத் தன் உள்ளத்தில் அடக்கிக்கொண்டு, ஒளவையார் சாதல் நீங்குமாறு அதனை அவருக்கு அளித்தவனும் அவனே (புறம். 91). கனி அளவிற் சிறியது. அதனைத் தான் உண்பதிலும் இப்புலவர் உண்பதே தகும் என அவன் துணிந்தமையில் அக்கொடையின் பெருமை அமைகின்றது. பயனை முன்னரே கூறியிருந்தால் ஒளவையார் ஏற்கத் தயங்கியிருக்கக் கூடும். அவன் மறைத்ததும் பெறுவோரை அறிந்ததன் விளைவே எனலாம்.

ஆகவே ஒரே புலவர் ஒரு கொடையை மறுத்து மற்றொன்றை ஏற்கின்றார். ஒரே வேந்தன் ஒருவரிடம் தவறி மற்றொருவரிடம் நிறைவுறுகின்றான். பரிசிலின் பொருண்மை கொடுப்போரது இயல்பிலோ பெறுவோரது இயல்பிலோ நிலையாக அமைந்ததன்று. அது அவ்விருவரும் எதிர்ப்படும் அக்கணத்து உறவில் தோன்றுகின்றது.

வரிசையும் அளவும்

இவ்வுறவைக் குறிக்கும் கலைச்சொல் வரிசை என்பதாகும். மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர், கொடுத்தல் எளிது, வரிசையறிதலே அரிது என அறிவுறுத்தி, புலவர்பால் பொதுநோக்கை விட்டொழிக்குமாறு வேண்டுகின்றார் (புறம். 121). இப்பாடல் பொருண்மொழிக்காஞ்சித் துறையில் வைக்கப்பட்டிருப்பது இதன் அறிவுரைத் தன்மையைக் காட்டுகின்றது. எல்லோர்க்கும் ஒப்பக் கொடுத்தல் இன்றைய நோக்கில் நடுவுநிலையாகத் தோன்றலாம். ஆனால் புலமையைத் தம் அடையாளமாகக் கொண்டவருக்கு அவ்வொப்புமை தம்மைக் காணாமையின் மற்றொரு வடிவமாகும்.

இக்கருத்திற்கு முரணாகத் தோன்றும் சான்றும் உண்டு. பெருஞ்சித்திரனாரே குமணனிடம், தம்மை அளந்து நோக்காமல் அவனது சிறப்பை அளந்தறியுமாறு கேட்கின்றார் (புறம். 161). ஒளவையார் பாடலிலும் இந்நிலை காணப்படுகின்றது. விறலியர் பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கச் சிறிது அரிசி கேட்டபோது, நாஞ்சில் வள்ளுவன் வரிசையறிந்து, தன்னையும் சீர்தூக்கி, மலை போன்ற யானையை அளித்தான். இப்படியும் தெளிவில்லாத கொடை உண்டோ என ஒளவையார் நகையாடிப் புகழ்கின்றார் (புறம். 140).

இம்முரணை நீக்க, அளவு என்பதை இரு நிலைகளில் வேறுபடுத்திக் காண வேண்டும். கொடுக்கும் பொருளின் அளவுக்குக் கொடுப்போர் தம் நிலையை அளவுகோலாகக் கொள்ளலாம். மதிப்பின் அளவுக்குப் பெறுவோரது தகுதியே அளவுகோலாகும். புறம் 161 முன்னதையும், 208 பின்னதையும் பேசுகின்றன. நாஞ்சில் வள்ளுவன் இரண்டையும் ஒருசேர நோக்கியவன். அதனால்தான் பொருந்தாப் பொருளும் ஒளவையாரின் உவகைக்கு உரியதாயிற்று.

பொருந்தாப் பொருளும் வேண்டிய பொருளும்

பயன்பாட்டுப் பொருத்தம் இன்றியமையாததன்று என்பதற்குச் சோழன் இளஞ்சேட்சென்னியை ஊன்பொதி பசுங்குடையார் பாடிய 378ஆம் பாடல் தெளிவான சான்றாகும். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளமையால் இப்பாடலுக்கு அவ்வுரை இல்லை. ஆயினும் செய்தி தெளிவானது. தமக்கென வகுக்கப்படாத அருங்கலங்களைப் பெற்ற வறிய சுற்றத்தார், விரலுக்குரியவற்றைச் செவியிலும் செவிக்குரியவற்றை விரலிலும், இடைக்குரியவற்றைக் கழுத்திலும் கழுத்துக்குரியவற்றை இடையிலும் அணிகின்றனர். இராமன் மனைவியின் அணிகலன்களைக் கண்டெடுத்த குரங்குகளின் செயல் இதற்கு உவமையாகின்றது. நகைப்பிற்கிடமான இக்காட்சியைப் புலவர் இழிவாகப் பாடவில்லை. துன்பம் நீங்கிய குடும்பத்தின் மகிழ்ச்சியாகவே பாடுகின்றார்.

மறுதலையாக, பெறுவோரே பரிசில் இன்னதென வரையறுக்கும் பாடல்கள் உண்டு. போர்த்திக்கொள்ளாது என அறிந்தும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பரணர் புகழ்ந்துள்ளார் (புறம். 141). அவனே தன் மனைவி கண்ணகியைப் பிரிந்தபோது அதே செய்தியை முன்வைத்து, தாம் பசியாலோ சுற்றத்தின் சுமையாலோ வரவில்லை, அவன் அன்றிரவே தேரேறிச் சென்று அவளது துயரைக் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கின்றார் (புறம். 145). அரிசில்கிழாரும் அருங்கலன்களை வேண்டாது அதனையே வேண்டுகின்றார் (புறம். 146). கேளாத மயிலுக்கு இரங்கியவன், கேட்டு நிற்போர் எதனைக் கேட்கின்றனர் என அறிகின்றானா என்பதே இப்பாடல்களில் அவன் வண்மைக்கு வைக்கப்படும் தேர்வாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பொருளின் பெருமை பரிசிலை இனிதாக்கவில்லை. தினையளவும் நெல்லிக்கனியும் போதுமானவையாகக் கூறப்படுகின்றன. பயன்பாட்டுப் பொருத்தமும் கட்டாயமன்று. யானையும் இடமாறி அணியப்பட்ட அணிகலன்களும் மகிழ்ச்சி தந்துள்ளன. கொடுப்போரது அருள் மட்டும் போதாது என்பதற்கு அதியமானின் கொடுத்தனுப்பிய பொருள் சான்றாகும். பெறுவோர் இன்னார், அவர் வேண்டுவது இன்னது என அறிந்து முகமலர்ச்சியோடு தருதலே பரிசிலை வாணிகத்தினின்று பிரிக்கின்றது. அவ்வாறு பெற்றதே பிறர்க்கும் பகிரத்தக்க செல்வமாகின்றது.

பரிசில் பாடல்களைப் புரவலரைச் சார்ந்து வாழ்ந்தோரின் புகழுரைகள் என்று மட்டும் கொள்ளும் நோக்கு இதனால் மறுபரிசீலனைக்கு உரியதாகின்றது. பசித்த குழந்தையை மனையில் விட்டு வந்த புலவர், அறியாது தந்த பொருளை மறுக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவ்வுரிமையை உடையவரின் புகழ்மொழி என்பதாலேயே குமணன் பெற்ற புகழுக்கு மதிப்பு உண்டாகின்றது.