நெஞ்சுவலி வந்தால் செய்ய வேண்டியவை

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. நேரம் செல்லச் செல்லத் தசை அழிந்துகொண்டே போகும்.

● அறிகுறிகள்: நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்கு வலியின்றி வெறும் களைப்பும் குமட்டலும் வரலாம். வாயுத்தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

● உடனடியாக: நோயாளியை உட்கார வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். அவரே வண்டி ஓட்டுவதும் மாடிப்படி ஏறுவதும் ஆபத்து. நினைவிழந்து மூச்சு நின்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும்.

● முதல் சிகிச்சை: தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாடின் மாத்திரைகள் தரப்படுகின்றன. மருத்துவர் சொல்லாமல் இவற்றை வீட்டிலேயே விழுங்கக் கூடாது.

● மருத்துவமனையில்: வந்த 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுப்பது நெறிமுறை. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை சில மணி நேர இடைவெளியில் மீண்டும் தேவைப்படலாம். முழு அடைப்பு உறுதியானால் அடைபட்ட குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்படும். அதற்குத் தாமதமாகும் என்றால், தகுந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்படும்.

● வீடு திரும்பிய பின்: குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் (வலைக்குழாய்) பொருத்தப்பட்டவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் மீண்டும் அடைபடலாம். பல் பிடுங்குவதற்கு முன்பும் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். புகையிலையை அடியோடு விட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, ஈசிஜி, மருந்துப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது.